மகள் பூர்வகுடி விவகாரம் படிக்கப் போகிறாளாம்: படித்தால் என்ன வேலை?

ஸ்காபரோ அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மூத்த மகள் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுகிற நேரம். வணிகம், உயிரியல் என்று ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தால், பீற்றர்பரோவில் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி கற்கைநெறி படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். பிறகு அரசாங்கத்திலோ முதற்குடி அமைப்பு ஒன்றிலோ வேலை செய்ய வேண்டுமாம்.

ரொறன்ரோ பள்ளிச்சபையில் இப்போது பதினோராம் வகுப்பு ஆங்கிலமே முதற்குடி, மெட்டி, இனுயிட் என்ற மூன்று பூர்வகுடி மக்களின் எழுத்தாளர்களை வைத்துத்தான். அங்கேதான் இது பிடித்தது. பிழை என்று சொல்லவில்லை. பிள்ளை வாசித்து யோசிக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இவருக்குத்தான் முகம் சரியில்லை. கணக்கியல் என்றால் கையோடு வேலை என்கிறார்.

இந்தப் பட்டத்துக்கு உண்மையில் வேலை இருக்கிறதா? பூர்வகுடி அல்லாத ஒரு தமிழ்ப்பிள்ளையை எடுப்பார்களா? எடுத்தாலும், அவள் அங்கே போய் நிற்பது சரியா? கடைசிக் கேள்வி மகளே கேட்டது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுத்தக்கொழும்பான்

தங்கச்சி, பட்டென்று சொல்லுகிறேன், கோபிக்க வேண்டாம். பி.ஏ. முடித்துவிட்டு கோல் சென்டரில் இருக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இந்தத் துறையில் ஆள் எடுக்கும்போது பூர்வகுடி விண்ணப்பதாரருக்குப் பல இடங்களில் முன்னுரிமை. அது நியாயமும்கூட. அப்படியிருக்க, வரிசையில் கடைசியில் போய் நிற்கவா நாலு வருஷக் கட்டணம்? உங்கள் அவர் சொல்வதுதான் சரி. ஆர்வம் இருந்தால் பக்கத்தில் ஒன்றிரண்டு பாடம் எடுக்கட்டும். ஒசாப் என்கிற மாகாண மாணவர் கடனை ஆர்வம் கட்டாது, சம்பளம்தான் கட்டும்.

கொழுந்து

அக்கா, நான் ட்ரென்டில்தான் படிக்கிறேன், மூன்றாம் வருஷம். பூர்வகுடி கற்கையும் பொருளியலும் சேர்த்து.

இந்தப் பாடத்துக்குக் கனடாவிலேயே முதன்முதலில் தனித்துறை தொடங்கியது இங்கேதான், 1969-இல். அதே வருஷம்தான் மத்திய அரசு பூர்வகுடிகளை ஆளுகிற 'இந்தியர் சட்டம்' என்பதையும் முதற்குடிகளோடு செய்த ஒப்பந்தங்களையும் ஒரேயடியாக மூடிவிடலாம் என்று வெள்ளை அறிக்கை கொண்டுவந்தது. முதற்குடித் தலைவர்கள் கொதித்தெழுந்து அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். முனைவர் பட்டப் படிப்பு 1999-இல் வந்தது. இப்போது இந்தப் பிரிவுக்குச் சேனி வென்ஜாக்கின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1966-இல் கெனோராவுக்குப் பக்கத்தில், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளி ஒன்றிலிருந்து தப்பி, சுமார் 600 கிலோமீற்றர் தள்ளியிருந்த வீட்டுக்கு ரயில் பாதையோரமாக நடக்கத் தொடங்கிக் குளிரில் செத்துப்போன 12 வயதுப் பையன்.

முதல் வருஷத்தில் எங்களிடம் வந்த முதல் கேள்வி, "உங்கள் வீடு எந்த ஒப்பந்த நிலத்தில் இருக்கிறது?" என்பது. ரொறன்ரோப் பிள்ளைகள் பாதிப்பேர் முழித்தோம். தேடிப் பார்த்தால், ரொறன்ரோவின் பெரும்பகுதி 1787-இல் பேசி 1805-இல் திருத்திய 'ரொறன்ரோ கொள்வனவு'. 1805-இல் கொடுத்தது பத்து ஷில்லிங். அது நியாயமில்லாத கொடுக்கல்வாங்கல் என்று மிசிசாகாஸ் ஆஃப் த கிரெடிட் என்ற முதற்குடி மக்கள் போட்ட கோரிக்கைக்கு 2010-இல் 145 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்தார்கள். இதைப் படித்த பிறகு இது இன்ன மக்களின் நிலம் என்று நிகழ்ச்சிகளில் ஒப்புக்கு வாசிக்கிற அந்த நில அறிக்கை வேறு மாதிரிக் கேட்கும்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். இதை மட்டும் தனியாகப் படிக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்லுவேன். இன்னொரு பாடத்தோடு சேர்த்துப் படிக்கட்டும்.

ஒப்பந்தம்9

தண்டர் பேயிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்காபரோவில் வளர்ந்து, புவியியல் படித்து, வடக்கே ஒரு ட்ரைபல் கவுன்சிலில் (பல முதற்குடிச் சமூகங்கள் சேர்ந்து நடத்துகிற அமைப்பு) நிலவளப் பிரிவில் வேலை. கறுத்தக்கொழும்பான் அண்ணை சொன்னது பழைய படம். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு இந்தத் துறை என்றால் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசுத் திணைக்களம்தான். அதன் பெயரை எத்தனை தரம் மாற்றினார்கள் என்று பாருங்கள். 2011-இல் பூர்வகுடி விவகாரம் என்றார்கள், 2015-இல் திரும்ப மாற்றினார்கள், 2017-இல் இரண்டாக உடைத்தார்கள். ஒன்று ஒப்பந்தங்களையும் உறவுகளையும் பார்க்கும், மற்றது சேவைகளைப் பார்க்கும். சேவைத் திணைக்களத்தை உருவாக்கிய 2019 சட்டத்திலேயே ஒரு விசேஷம் இருக்கிறது. சேவைகளைப் படிப்படியாகப் பூர்வகுடி அமைப்புகளிடம் கைமாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தன் வேலையைத் தானே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டிய திணைக்களம். நடைமுறை ஆமைவேகம்தான், அது வேறு கதை. ஆனால் போகிற திசை அது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2013-இலேயே முதற்குடிச் சுகாதார ஆணையம் மத்திய அரசிடமிருந்து சேவையைக் கையேற்றுவிட்டது.

அதனால் சம்பளம் கொடுக்கிறவர் மாறிக்கொண்டு வருகிறார். நாட்டில் 630-க்கும் மேல் முதற்குடிச் சமூகங்கள். ஒவ்வொன்றுக்கும் பாண்ட் அலுவலகம் என்று ஒரு நிர்வாக அலுவலகம். அதற்கு மேலே ட்ரைபல் கவுன்சில்கள், பிள்ளை நல முகவரகங்கள், கல்விச் சபைகள், சமூகத்தின் சொந்தக் காணிச் சட்டத்தை எழுதுகிற குழுக்கள். ஆள் போதாது என்பதுதான் எங்கும் கேட்கிற முறைப்பாடு.

என் மேசையில் என்ன நடக்கிறது என்று சொன்னால் மகளுக்கு உதவும். 2004-இல் உச்ச நீதிமன்றம் ஹைடா வழக்கில், பூர்வகுடி உரிமையைப் பாதிக்கக்கூடிய எதையும் அனுமதிக்கும் முன் அரசு அவர்களோடு கலந்தாலோசிக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு கடிதங்கள் வந்து குவிகின்றன. ஒரு கனிமக் கம்பனி இன்ன இடத்தில் துளையிடப் போகிறது, வரைபடம் இணைப்பில், பெரும்பாலும் 30 நாளுக்குள் கருத்துச் சொல்லவும். நான் அந்த வரைபடத்தை எங்களிடம் உள்ள இன்னொன்றின் மேல் வைத்துப் பார்ப்பேன். மூத்தவர்கள் சொல்லச் சொல்லக் குறித்து வைத்தது. பொறிவைக்கிற தடங்கள், மீன் முட்டையிடும் இடங்கள், கல்லறைகள். அந்த வரைபடத்தை வெளியே கொடுப்பதில்லை. தரவு அந்த மக்களுடையது, அவர்கள் கட்டுப்பாட்டில், அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது 1998-இலிருந்து முதற்குடிகள் வகுத்து வைத்திருக்கிற நெறி. ஆராய்ச்சி என்று வந்து கொண்டுபோய்த் திரும்பி வராதவர்களைப் பார்த்துச் சலித்துப் போட்ட விதி அது.

அப்புறம் சமூகத்துக்குத் தொலைபேசி எடுப்பேன். யாராவது காலமாகியிருந்தால் பாண்ட் அலுவலகம் பூட்டு. ஊரே மரணவீட்டில் நிற்கும். அங்கே போய்க் கனிமக் கடிதத்தைப் பற்றிக் கதைக்க முடியாது. ஆனால் அந்த 30 நாள் ஓடிக்கொண்டே இருக்கும். தவணை நீட்டச் சொல்லிக் கடிதம் எழுதுவது என் வேலை. அதைக் கோர்ட்டில் எடுத்துக் காட்டினாலும் நிற்கிற மாதிரி எழுதத் தெரிய வேண்டும். இப்போது ஜேம்ஸ் குடா சமவெளியில் 'ரிங் ஆஃப் ஃபயர்' என்கிற கனிமப் பகுதிக்கு வீதி போடுகிற பேச்சு. அந்த வீதிகளுக்கான சுற்றுச்சூழல் மதிப்பீட்டை முன்னின்று செய்வது வெபெக்வி, மார்ட்டன் ஃபோல்ஸ் என்ற முதற்குடிச் சமூகங்களே. பக்கத்துச் சமூகங்கள் சில எதிர்ப்பு. ஆக, பூர்வகுடி மக்கள் எல்லாரும் ஒரே கருத்து என்று நினைத்துக்கொண்டு யாரும் வரக்கூடாது.

இதற்கு வேண்டியது புவியியல் தகவல் மென்பொருள், மதிப்பீட்டு அறிக்கை வாசிக்கிற பொறுமை, திருத்தமான எழுத்து. ஒப்பந்த வரலாறும் சட்டமும் தெரியாவிட்டால் இது எதுவும் உதவாது. ட்ரென்ட் பட்டம் அந்த இரண்டாவது பாதியைத் தரும். முதல் பாதியை அவள் வேறெங்காவது தேட வேண்டும்.

கறுத்தக்கொழும்பான்

தம்பி, விளக்கத்துக்கு நன்றி. சம்பளம் எப்படி என்று மட்டும் மழுப்பிவிட்டீர்.

ஒப்பந்தம்9

மழுப்பவில்லை அண்ணை. ஒட்டாவா வேலையை விடக் குறைவு. பல பதவிகள் திட்ட நிதியில் ஓடுபவை. மார்ச் 31 வந்தால் அடுத்த வருஷக் காசு வந்ததா என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். வீட்டு வாடகை ரொறன்ரோவை விடக் குறைவு என்பது ஒரு ஆறுதல்.

ரெஜைனாவாசி

நான் திருநெல்வேலிக்காரன், சஸ்காச்சுவானில் இருக்கேன். பட்டயக் கணக்காளர். சில முதற்குடி அரசுகளுக்குத் தணிக்கை, நிதித் திட்டம் செஞ்சு கொடுக்கிறேன். அம்மா, உங்க வீட்டுக்காரர் சொல்றதும் உங்க பொண்ணு சொல்றதும் இங்கே ஒரே இடத்துல வந்து சேருது. அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

2005-இல் முதற்குடி நிதி மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஒரு வரி ஆணையம், ஒரு நிதி மேலாண்மை வாரியம், ஒரு நிதி ஆணையம். விரும்பிச் சேருகிற சமூகங்கள் சொந்தமா நிலவரி வசூலிக்கலாம், கணக்கைத் தரச்சான்றுக்குக் கொண்டுவரலாம், எல்லாரும் சேர்ந்து பத்திரச் சந்தையில் கடன் வாங்கலாம். முதல் பத்திரம் 2014-இல் 90 மில்லியன் டாலர். 2021-இல் நோவா ஸ்கோஷியாவின் கிளியர்வாட்டர் என்ற பெரிய கடலுணவு நிறுவனத்தில் பாதியை மிக்மாக் சமூகங்கள் வாங்கினாங்களே, அதுக்கு 250 மில்லியன் கடன் இந்த ஆணையம் வழியாத்தான் வந்தது. முதற்குடிகளுக்குன்னு ஒதுக்கின ரிசர்வ் நிலத்தை வங்கியில் அடமானம் வைக்க இந்தியர் சட்டம் விடாது. அதனால இப்படி ஒரு வழி தேவைப்பட்டது.

இந்த வேலைக்குக் கணக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாது. ஒரு சமூகத்தோட வரவுசெலவைத் திறந்தா, ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் ஒரு ஒப்பந்தமோ ஒரு வழக்கோ ஒரு மானிய நிபந்தனையோ நிக்கும். பூர்வகுடி நிதி அலுவலர்களுக்குன்னே 1999-இல் ஆரம்பிச்ச சங்கம் ஒண்ணு இருக்கு, சான்றிதழ் தேர்வு நடத்துது. கம்லூப்ஸ்ல துலோ மையம், தாம்சன் ரிவர்ஸ் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து முதற்குடி வரி நிர்வாகத்துக்கே பாடம் நடத்துது. இங்கே ரெஜைனாவில் முதற்குடிகளே நடத்துகிற பல்கலைக்கழகம் 1976 முதல் இருக்கு. அங்கே பூர்வகுடி வணிக நிர்வாகம் படிக்கலாம். எல்லா மாணவர்களையும் சேர்த்துக்கிறாங்க.

என் அனுபவத்தில், பூர்வகுடி கற்கை முடிச்சுட்டு நிதி கத்துக்கிட்டவங்க, நிதி முடிச்சுட்டு வரலாறு கத்துக்க வந்தவங்களை விட நல்லா வேலை செய்யறாங்க. பின்னவங்க முதல் ஆறு மாசம் "ஏன் இவங்க இப்படிச் செய்யறாங்க"ன்னு புலம்பிக்கிட்டே இருப்பாங்க.

சட்டப்பூச்சி

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ரொறன்ரோவில் பூர்வகுடி உரிமை வழக்குகள் பார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறேன்.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹியூரன் ஏரிக்கு வடக்கேயுள்ள நிலத்துக்காக 1850-இல் கையெழுத்தான ரொபின்சன் ஒப்பந்தம். நிலத்தைக் கொடுத்ததற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. நிலத்திலிருந்து வருமானம் கூடி, அரசுக்கு நட்டமில்லாமல் கூட்டிக் கொடுக்க முடிந்தால், அந்தத் தொகையும் கூட வேண்டும் என்று ஒரு வாசகம் அதில் இருக்கிறது. 1875-இல் தலைக்கு 4 டொலர் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த நிலத்திலிருந்து மரம் போனது, நிக்கல் போனது, செம்பு போனது. நாலு டொலர் நாலு டொலராகவே நின்றது. 2023-இல் கடந்தகாலப் பாக்கிக்காக 10 பில்லியன் டொலருக்கு இணக்கம் வந்தது, கனடா பாதி, ஒன்ராறியோ பாதி. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அரசு இந்த வாக்குறுதியை வெட்கப்படும் அளவுக்கு மீறிவிட்டது என்ற ரீதியில் தீர்ப்பெழுதியது.

அந்த வழக்கு வக்கீல்களால் மட்டும் வென்றதில்லை. வரலாற்றாய்வாளர்கள், பொருளியலாளர்கள், அங்குள்ள முதற்குடியான அனிஷினாபெ மக்களின் மொழியும் ஆட்சிமுறையும் அறிந்த மூத்தவர்கள், ஆவணக் காப்பகத்தில் நுண்படச் சுருளைச் சுற்றிச் சுற்றிக் கண் கெட்டவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். வாய்மொழி வரலாற்றைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1997-இல் டெல்கமூக் தீர்ப்பு சொன்ன பிறகு, அதை முறையாகக் கேட்டுப் பதியத் தெரிந்தவர்களுக்கு நிறைய வேலை. எங்கள் ஆய்வாளர்களில் சட்டம் படிக்காதவர்கள் உண்டு. பூர்வகுடி கற்கையும் வரலாறும் படித்தவர்கள்.

சட்டம் வரை போக நினைத்தால், தண்டர் பேயில் லேக்ஹெட் பல்கலைக்கழகச் சட்டபீடம் 2013-இல் தொடங்கியபோதே பூர்வகுடிச் சட்டத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. விக்டோரியாவில் 2018 முதல் நாலு வருஷ இரட்டைப் பட்டம். கனடாச் சட்டமும் பூர்வகுடிகளின் சொந்தச் சட்ட மரபுகளும் சேர்த்து. அதில் ஒரு பகுதியைச் சமூகங்களுக்கே போய்ப் படிக்கிறார்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. 1876 இந்தியர் சட்டப்படி, ஒரு முதற்குடி மனிதர் பல்கலைக்கழகப் பட்டம் எடுத்தாலோ, வைத்தியரானாலோ, வக்கீலானாலோ சட்டப்படி 'இந்தியர்' என்ற தகுதியே போய்விடும். நாலு வருஷத்தில் அதைத் தளர்த்தினார்கள். 1927 முதல் 1951 வரை, நில உரிமைக் கோரிக்கைக்காகக் காசு சேர்ப்பதே குற்றம், அதனால் வக்கீல் வைக்க முடியாது. படிப்பாலும் சட்டத்தாலும் இப்படி அடிபட்டவர்களிடம் "நான் பட்டம் வைத்திருக்கிறேன், உதவ வந்தேன்" என்று போய் நின்றால் எப்படிப் பார்ப்பார்கள் என்று மகளை யோசிக்கச் சொல்லுங்கள்.

நெடுந்தீவுக் குதிரை

எனக்கு இதில் ஒரு கேள்வியுமே இல்லை. நிலம் பறிகொடுத்தவனுக்குத்தான் நிலம் பறிகொடுத்தவனின் வலி தெரியும். எங்கள் பிள்ளைகளை விட இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் யார்? தாராளமாகப் போகட்டும்.

கொழுந்து

அண்ணா, இதை வகுப்பில் நானும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுக் கேட்டேன். பக்கத்தில் இருந்த அனிஷினாபெப் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள், "சரி, நீங்கள் இப்போது இருப்பது யாருடைய நிலம்?" என்று. எங்கள் கதை எங்களுக்கு உண்மை. ஆனால் இங்கே நாங்கள் குடியேறிகள். 2021-இலிருந்து குடியுரிமைச் சத்தியத்திலேயே முதற்குடி, இனுயிட், மெட்டி மக்களின் ஒப்பந்த உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பேன் என்று வருகிறது. வதிவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015-இல் விடுத்த 94 நடவடிக்கை அழைப்புகளில் கடைசி அழைப்பு அதுதான். அப்பா அம்மா எடுத்த சத்தியத்தில் அது இல்லை. சித்தி அண்மையில் எடுத்ததில் இருந்தது.

நெடுந்தீவுக் குதிரை

அதனால் என் வலி பொய்யாகிவிடுமா?

கொழுந்து

பொய் இல்லை அண்ணா. ஆனால் அதைத் தகுதிச் சான்றிதழ் மாதிரி நீட்ட முடியாது என்கிறேன்.

ஒப்பந்தம்9

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நடைமுறைச் செய்தி. வடக்கில் நேர்முகத்தில் வலியைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது, "எவ்வளவு காலம் இருப்பாய்?" என்பதுதான். ஆள் வருவதும் போவதும்தான் பெரிய தலையிடி. ஒரு மூத்தவருக்கு ஒரே கதையைப் புதுப் புது அலுவலருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துவிட்டது. யுத்தம், இடப்பெயர்வு பற்றி நான் பிறகு அவரிடம் சொன்னேன்தான். தேநீர் குடிக்கிற நேரத்தில், அவர் கேட்டதால்.

மட்டுறுத்துநர்

மகளின் பள்ளிப் பெயரை முதல் பதிவிலிருந்து எடுத்துவிட்டேன். நாட்டு அரசியல் தனி இழையில் தொடரட்டும்.

வடதிசைத் தாதி

நான் வடமேற்கு ஒன்ராறியோவில் தாதி. விமானத்தில் மட்டும் போகக்கூடிய சமூகங்களின் நர்சிங் நிலையங்களில் மாறி மாறி வேலை. இங்கே எல்லாரும் நிலம், பணம், சட்டம் என்கிறீர்கள். சுகாதாரமும் பிள்ளை நலமும்தான் அதிகம் பேரை வேலைக்கு எடுக்கிற இடம் என்பது நான் பார்த்தது.

சிண்டி பிளாக்ஸ்டொக் பற்றி மகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். கிட்க்ஸான் இனத்தவர், படித்தது சமூகப்பணி. ரிசர்வில் உள்ள பிள்ளைகளின் நலனுக்கு மற்றப் பிள்ளைகளை விடக் குறைவாகக் காசு ஒதுக்குவது பாரபட்சம் என்று 2007-இல் அவருடைய அமைப்பும் முதற்குடிப் பேரவையும் சேர்ந்து மனித உரிமை முறைப்பாடு போட்டார்கள். 2016-இல் தீர்ப்பாயம் ஆம் என்றது. 2023-இல் நீதிமன்றம் ஏற்ற இழப்பீடு 23 பில்லியன் டொலருக்கும் மேல். வரவுசெலவுத் தாள்களை வரிக்கு வரி வாசிக்கத் தெரிந்ததால் வந்த வெற்றி அது.

அதே முறைப்பாட்டின் இன்னொரு பாதி ஜோர்டன் கோட்பாடு. மனிடோபாவின் நோர்வே ஹவுஸ் க்ரீப் பிள்ளை ஜோர்டன். வீட்டுப் பராமரிப்புச் செலவை மாகாணம் கட்டுவதா மத்திய அரசு கட்டுவதா என்று இழுபறிப்பட்டதில், 2005-இல் ஐந்து வயதில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். இப்போது முதலில் சேவை, பிறகு பில் சண்டை என்பது விதி. இந்தக் கோட்பாட்டின் கீழ் விண்ணப்பம் எழுத, குடும்பத்தோடு அலைந்து கடதாசி சேர்க்க, பல சமூகங்களில் ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். புதிதாக முடித்த பட்டதாரிக்குக் கிடைக்கக்கூடிய வேலை. சும்மா இலேசான வேலை இல்லை.

கறுத்தக்கொழும்பான் அண்ணை சொல்வதுபோல் தொழில் மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களையும் நான் பார்க்கிறேன். ஊசி நன்றாகப் போடுவார்கள். ஒரு பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போக ஏன் பயப்படுகிறார் என்று விளங்காது, பிடிவாதம் என்று குறிப்பெழுதுவார்கள். 2020-இல் கியூபெக்கில் ஜொய்ஸ் எச்சக்குவான், அற்றிக்கமெக்வ் இனத் தாய், ஊழியர்கள் தன்னை இழிவாகப் பேசுவதைக் கைத்தொலைபேசியில் ஒளிபரப்பிக்கொண்டே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். அன்றே இறந்துபோனார். இனவாதத்துக்கு அதில் பங்குண்டு என்று மரண விசாரணை அதிகாரி எழுதினார். வைத்தியம், தாதியம் படிக்கிற எல்லாருக்கும் பூர்வகுடி வரலாற்றுப் பாடம் கட்டாயம் என்பது 94 அழைப்புகளில் 24ஆவது. வடக்கு ஒன்ராறியோ மருத்துவப் பல்கலைக்கழகம் முதல் வருஷ மாணவர்களையே நாலு வாரம் பூர்வகுடிச் சமூகத்தில் தங்க அனுப்புகிறது. அது வேலை செய்கிறது. அங்கே படித்து வந்தவர்களின் குறிப்பை வாசித்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

கறுத்தக்கொழும்பான்

சரி, வேலை இல்லை என்று நான் சொன்னதைப் பாதி திரும்ப எடுக்கிறேன். மிச்சப் பாதி அப்படியே. எல்லாரும் சொல்வதைக் கூட்டிப் பார்த்தால், இந்தப் பட்டத்தோடு வேறொன்று வேண்டும் என்றுதான் வருகிறது. நானும் அதைத்தானே சொன்னேன்?

ரெஜைனாவாசி

நீங்க சொன்னது கணக்கியலோட "ஒன்றிரண்டு பாடம் பக்கத்தில்"ன்னு. இங்கே சொல்றது இரண்டும் சரிபாதின்னு. நிறைய வித்தியாசம் இருக்கு அண்ணாச்சி.

ஸ்காபரோ அம்மா

எல்லாருக்கும் மிகவும் நன்றி. இழையை அவளும் இவரும் என் பின்னால் நின்று வாசித்தார்கள். இவர் ரெஜைனாவாசியின் பதிவை இரண்டு தரம் வாசித்தார். அந்தக் கடலுணவுக் கதைதான் பிடித்திருக்கிறது.

மகள் கேட்கச் சொன்னது: பூர்வகுடி கற்கையோடு சேர்க்கப் பொருளியலா, சுற்றுச்சூழலா? ட்ரென்டில் இரண்டும் இருக்கிறது. கோடையில் அனுபவம் எடுக்க எங்கே பார்க்கலாம்? அதற்கு முன் காசு கட்டாமல் ஏதாவது படித்துப் பார்க்க வழி உண்டா?

சட்டப்பூச்சி

கடைசியிலிருந்து சொல்கிறேன். அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி கற்கைப் பீடம் 'இண்டிஜினஸ் கனடா' என்று 12 பாட இணைய வகுப்பு நடத்துகிறது. கொர்செராவில் இருக்கிறது, சான்றிதழ் வேண்டாம் என்றால் இலவசம். உங்கள் கணவர் சேர்ந்து பார்த்தாலும் நல்லது. சில வாரங்களில் முடிந்துவிடும்.

கோடைக்கு, மத்திய அரசின் மாணவர் வேலை அனுபவத் திட்டத்தில் எல்லாரும் விண்ணப்பிக்கலாம், பதிவில் விருப்பத் துறையைக் குறிக்க வேண்டும். பூர்வகுடி மாணவர்களுக்கென்று தனியாக ஒதுக்கிய திட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் கை வைக்க வேண்டாம். அடையாளம் விஷயத்தில் பல்கலைக்கழகங்கள் இப்போது மிகவும் கண்டிப்பு. பொய்யாகப் பூர்வகுடி என்று சொல்லிப் பதவி எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுகள் பத்திரிகைகளில் வந்து பெரும் புயலானபின், சில இடங்கள் அத்தாட்சி கேட்கின்றன. மகளுக்கு அந்தப் பிரச்சினை வராது, ஆனாலும் படிவங்களில் எந்தக் கட்டத்தில் சரி போடுகிறாள் என்று கவனிக்கட்டும்.

ஒப்பந்தம்9

பொருளியலா சுற்றுச்சூழலா என்பது அவளுக்குக் காடு பிடிக்குமா காகிதம் பிடிக்குமா என்பதைப் பொறுத்தது. காடு என்றால் சுற்றுச்சூழல். ட்ரென்டில் பூர்வகுடிச் சுற்றுச்சூழல் கற்கை என்று இரண்டையும் இணைத்தே ஒரு படிப்பு இருக்கிறது, பார்க்கச் சொல்லுங்கள். அறிவியல் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பில் விட்டுவிட வேண்டாம். கிராசி நரோஸில் 1962 முதல் 1970 வரை ட்ரைடன் ஆலையிலிருந்து ஆற்றில் கொட்டிய பாதரசம் சுமார் 9,000 கிலோ. இன்றைக்கும் அந்த மக்கள் மீனைப் பரிசோதிக்கவும் நட்டஈட்டுக்கும் போராடுகிறார்கள். வேதியியல் தெரிந்து, அந்த வரலாறும் தெரிந்த ஆளை எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை.

கொழுந்து

ஒரு பாடம் மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள், பூர்வகுடி மொழி. முதல் வருஷத்திலேயே எடுக்கட்டும். வினைச்சொல் ஒன்றே ஒரு முழு வாக்கியமாக நீண்டு வரும், இரண்டாம் வருஷத்தில் மற்றப் பாடங்களின் சுமையோடு அது ஏறாது. நான் தள்ளிப்போடாமல் எடுத்தது வாய்ப்பாகப் போயிற்று. மாசிமாதப் பக்கம் வருகிற மூத்தோர் கூட்டத்துக்கும் வெளியார் வரலாம், அவளைக் கூட்டிக்கொண்டு ஒருதரம் வாருங்கள், வளாகத்தையும் பார்த்துவிடலாம்.

ஸ்காபரோ அம்மா

எந்த மொழி எடுக்க வேண்டும் தம்பி? அனிஷினாபெமொவினா, க்ரீயா?

ஒப்பந்தம்9

எங்கே வேலை செய்ய ஆசை என்று கேளுங்கள் அக்கா. ட்ரென்ட் சுற்றுவட்டாரமும் பெரிய ஏரிகளின் கரையும் என்றால் அனிஷினாபெமொவின். ஜேம்ஸ் குடாப் பக்கம் என்றால் க்ரீ. நடுவில் எங்கள் பக்கத்துச் சமூகங்கள் பலவற்றில் ஓஜி-க்ரீ. அனிஷினாபெமொவின் தெரிந்தால் ஓஜி-க்ரீக்குப் பாதி வழி வந்த மாதிரி, ட்ரென்டிலும் அதைத்தான் முழுமையாகப் படிக்கலாம். அதில் தொடங்கட்டும்.